பூட்டு பூட்டியபடியேதான் கிடந்தது

சேலம் ஜங்ஷன் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டில் 2019 மே மாதம் திருடன் புகுந்தான். மாமாவின் சொந்த ஊரில் கோயில் திருவிழா, மூன்று நாள் எல்லோரும் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் கதவு பாதி திறந்திருக்கிறது, பீரோ திறந்திருக்கிறது, ஒன்பது பவுன் நகை இல்லை. தகவல் கேட்டு ஓடிப்போனவன் வாசற்படியில் கிடந்த ஒரு பொருளைப் பார்த்து நின்றுவிட்டேன். அக்கா தேடி வாங்கிய ஏழு லீவர் பூட்டு, பூட்டியபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல், அதை மாட்டும் நாதாங்கிப் பட்டையோடு சேர்ந்து தரையில் கிடந்தது. நாதாங்கியின் நாலு ஸ்க்ரூவும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் அரை அங்குல நீளம்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "பூட்டு மேல பழி போடாதீங்கம்மா, இது நல்ல பூட்டு. ஸ்க்ரூவைப் புடிச்சிருந்த மரந்தான் இத்துப்போச்சு. கடப்பாரை நுனிய விட்டு ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும்" என்றார். "அப்ப நான் இவ்வளவு காசு குடுத்து பூட்டு வாங்குனது எதுக்குங்கண்ணா?" என்று அக்கா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் போனால் முதலில் நாதாங்கியைத்தான் பார்க்கிறேன், பத்தில் எட்டு வீட்டில் அதே அரை அங்குல ஸ்க்ரூதான்.

கன்னக்கோல் என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டுத் திருடப் போகிறவன் கையில் எடுத்துப் போகும் கருவி அது. கன்னம் வைத்தல் என்றால் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவது. ஏன் சுவரைத் துளைத்தான் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வீடு மண் சுவர், கதவோ வேம்பிலும் தேக்கிலும் செய்த கனமான கதவு, உள்ளே குறுக்குக் கட்டை வேறு. கதவைவிடச் சுவர் இளப்பமாக இருந்ததால் அவன் சுவருக்குப் போனான். ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டைப் பிரித்து இறங்கினான். இன்றைக்குச் சுவர் செங்கல்லும் சிமெண்டும், மேலே கான்கிரீட். கதவுதான் மெலிந்து ஃப்ளஷ் டோர் ஆகிவிட்டது, பின்பக்கம் பிளாஸ்டிக் கதவுகூட இருக்கிறது. அதனால் திருடன் கதவுக்கு வந்துவிட்டான். வீட்டில் எது இளைத்திருக்கிறதோ அங்கேதான் அவன் கை வைப்பான், காலம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

லீவர் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், அவைதான் லீவர். சரியான சாவி போட்டுத் திருப்பினால் ஒவ்வொரு தகடும் அதற்கென்று உள்ள உயரத்துக்கு மட்டும் எழும்பும், எல்லாம் ஒரே சமயத்தில் சரியான உயரத்தில் நின்றால்தான் உள்ளிருக்கும் தண்டு நகரும். ஒன்று கொஞ்சம் அதிகம் எழும்பினாலும் திறக்காது. இந்த யோசனைக்கு 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் காப்புரிமை வாங்கினார். நம் திண்டுக்கல் பூட்டும் லீவர் வேலைப்பாட்டுக்குத்தான் பேர் போனது, 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, ஏழு லீவர் என்றால் கள்ளச்சாவி போட்டோ கம்பி விட்டோ திறப்பது ரொம்பக் கஷ்டம் என்று அர்த்தம். ஆனால் பூட்டிய வீட்டுக்கு நடுராத்திரி வருகிறவன் கம்பி விட்டு நோண்டிக்கொண்டு உட்கார மாட்டான். அவன் கையில் இருப்பது கடப்பாரை. அதற்கு எதிராக நிற்க வேண்டியது நாதாங்கியும் கதவைத் தாங்கும் நிலையும் கீலும், பூட்டு நல்லதாக இருந்தும் அவற்றில் ஒன்று இளைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை.

சரி, என்ன செய்வது? நாதாங்கியை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் கதவைத் துளைத்து போல்ட் விட்டு உள்பக்கம் நட்டு போட்டு இறுக்கச் சொல்லுங்கள், வெளிப்பக்கத் தலை உருண்டையாக இருந்தால் ஸ்பேனர் பிடிக்காது. ஆசாரிக்கு அரை நாள் வேலை, ஒரு பூட்டு வாங்கும் காசுகூட ஆகாது. நிலை சுவரோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நிலையின் பக்கவாட்டில் இரும்புப் பட்டையை அடித்துச் சுவருக்குள் கான்கிரீட் போட்டுப் புதைப்பார்கள், ஹோல்ட்ஃபாஸ்ட் என்று மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். வீடு கட்டும்போது அவசரத்தில் அதைச் சரியாகப் புதைக்காமல் விட்டிருந்தால் நிலையே ஆடும். பழைய வீடு என்றால் நிலையின் அடிப்பக்கத்தைக் கரையான் தின்றிருக்கலாம், ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் வெளியில் தொங்கும் பூட்டைவிடக் கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு நல்லது. காரணம் பலம் மட்டும் கிடையாது, வெளியில் தொங்கும் பூட்டு தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் "உள்ளே ஆள் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முன்கதவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கொல்லைப்புறக் கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள்தான் இருக்கும், அதுவும் தகரம் மாதிரி. பழைய குறுக்குக் கட்டை அங்கே இன்றைக்கும் சரியான வைத்தியம், கதவின் முழு அகலத்துக்கும் ஒரு இரும்புப் பட்டையை இரண்டு கொக்கியில் வைத்துவிட்டால் வெளியிலிருந்து நெம்ப வழியில்லை. மொட்டை மாடிக் கதவை யாரும் நினைப்பதே இல்லை. சன்ஷேடில் கால் வைத்து, பைப்பைப் பிடித்து, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டி வந்து அந்தக் கதவில் நிதானமாக வேலை பார்க்கலாம், கீழே தெருவில் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு செய்தாலும் உடைக்கவே முடியாத கதவு என்று ஒன்று வீடுகளுக்குக் கிடையாது, இதை ஒத்துக்கொள்வதுதான் நல்லது. ஐரோப்பாவில் கதவு ஜன்னல்களுக்கு இ.என். 1627 என்று ஒரு தர அளவு வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டாம் வகுப்புக் கதவு என்றால் ஸ்க்ரூடிரைவர், குறடு மாதிரி சின்னக் கருவிகளோடு வரும் ஆளை 3 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும், மூன்றாம் வகுப்பு என்றால் கடப்பாரைக்கு 5 நிமிடம். எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது, அந்த ஊர்க் கதவையே நிமிடக் கணக்கில்தான் அளக்கிறார்கள். கதவும் பூட்டும் வாங்கித் தருவது நேரம், கூடவே சத்தம். அந்த நேரத்துக்குள் யாராவது எழுந்து விளக்கைப் போட வேண்டும். யாரும் எழவில்லை என்றால் ஐந்து நிமிடமும் வீண், ஐம்பது நிமிடமும் வீண்.

அக்கா வீட்டு விஷயத்தில் எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ மரம் முறிகிற மாதிரி கேட்டதாம். "ஊர்ல இருந்து வந்துட்டாங்க போல, கதவு அடைச்சிருக்கும், தள்றாங்கன்னு நெனச்சேன் கண்ணு" என்று அக்காவிடம் சொல்லி அழாத குறை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என்றைக்குத் திரும்புகிறோம் என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலைதான் வருவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திங்கட்கிழமை ராத்திரி கேட்ட அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருந்திருக்கும்.

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று குற்றவியலில் இன்றுவரை பேசப்படுகிறது. ஒரு திருட்டு நடக்க மூன்று விஷயம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்றார்கள்: திருட நினைக்கும் ஆள், திருடத் தோதான பொருள், தடுக்கக்கூடியவர் யாரும் அங்கே இல்லாமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வசதி கூடியும் திருட்டு ஏன் கூடியது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. வீட்டில் இருந்தவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் வெளியே போக ஆரம்பித்தார்கள், பகலில் வீடுகள் காலியாயின, அதே காலத்தில் எளிதாகத் தூக்கிப்போகக்கூடிய விலை உயர்ந்த பொருள்கள் வீட்டுக்குள் வந்தன என்பது அவர்கள் விளக்கம்.

இதைச் சேலத்தில் பொருத்திப் பாருங்கள். அம்மாபேட்டையில் தறி ஓடும் சந்துகளில் ராத்திரியும் ஆள் விழித்திருப்பார்கள், டீக்கு வெளியே வருவார்கள், தெரியாத முகம் வந்தால் யாராவது "யாருங்க வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் அதே தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு உடைவது கேட்காது என்பதும் உண்மை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கமும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, சரக்கு இருக்கும் வீடு எது என்று தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும், அவர்கள் பாடு தனி. ஊருக்கு வெளியே புதிதாக மனை போட்ட இடங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. நாலு காலி மனைக்கு நடுவில் ஒரு வீடு, ஆறடி காம்பவுண்டுச் சுவர், தெருவிளக்கு இன்னும் வரவில்லை. அந்த உயரமான சுவர் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், ஒருவன் அதைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டால் அதே சுவர் அவனைத் தெருவின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. நாலடிச் சுவரும் அதற்கு மேல் பார்வை போகிற கம்பியும் இதைவிட நல்லது என்பது என் கருத்து. சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு சாக்கை மடித்துப் போட்டால் அது முடிந்தது.

வீடு காலி என்பதைத் திருடன் எப்படித் தெரிந்துகொள்கிறான்? நாமே சொல்கிறோம். நம் ஊரில் விடிந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம், தெருவில் எல்லா வாசலும் நனைந்திருக்க ஒரு வாசல் மட்டும் காய்ந்து குப்பையோடு கிடந்தால் அதைவிட வேறு அறிவிப்பு வேண்டுமா? கேட்டில் செருகிய பேப்பர், பையில் கெட்டுப்போன பால் பாக்கெட், பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு, எல்லாம் இதே கதை. கல்யாண வீட்டுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், அதில் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தெருமுனையில் எழுதி வைப்பதுதானே அது? கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அப்படியே. ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு ஊரே திரளும் நாள்களில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். யாராவது ஒருவர், வயதானவரோ படிக்கிற பிள்ளையோ, வீட்டில் இருப்பது பெரிய விஷயம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பயணப் படம் போடுவதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று வெயில் காலம். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்து வெக்கைக்கு மொட்டை மாடியில் படுக்காதவர்கள் குறைவு. குடும்பமே மேலே தூங்கும்போது கீழே கதவைச் சும்மா சாத்திவிட்டோ, பூட்டிச் சாவியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டோ போவார்கள். மேலே தூங்குகிறவர்களுக்குக் கீழே நடப்பது கேட்காது. ஜன்னலைத் திறந்துவைத்து அதன் அடியிலேயே செல்போனையும் சட்டையையும் வைத்துக்கொண்டு தூங்குவதும் இப்படித்தான், ஒரு நீளக் குச்சி இருந்தால் போதும் வெளியிலிருந்தே இழுத்துவிடலாம்.

பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. பீரோ மெல்லிய தகரம், அதில் ஓர் உள் லாக்கர், அதன் சாவி பீரோவின் மேலேயோ புடவை மடிப்பிலோ இருக்கும். அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டு, மீட்டர் பெட்டியின் மேல் என்று நமக்குத் தோன்றும் மறைவிடம் எல்லாம் அவனுக்கும் தோன்றும். தினமும் போடாத நகைக்கு வங்கி லாக்கர்தான் இடம். அங்கேயும் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும்: ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் கொண்டுவந்த விதிப்படி, வங்கியில் தீயோ திருட்டோ கொள்ளையோ நடந்தாலும் ஊழியரே மோசடி செய்தாலும் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே இருப்பது அதைவிட அதிகம் என்றால் தனியாகக் காப்பீடு எடுப்பதை யோசிக்க வேண்டும்.

இப்போது கேமரா. திருட்டு நடந்த அடுத்த வாரமே மாமா நாலு கேமரா மாட்டினார், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஒரு முகத்தை அடையாளம் காண வேண்டுமானால் அந்த ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது (பிக்சல்) படத்தில் விழ வேண்டும் என்பது கேமராத் துறையில் உள்ள அளவு. சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலம் வரைதான் முகம் தெளிவாகத் தெரியும். வீடுகளில் மாட்டும் அகலப் பார்வை லென்ஸில் அந்த அகலம் சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடுகிறது. மாடி விளிம்பில் மாட்டி வாசல் கேட்டைப் பார்க்கவிட்டால் ஓர் ஆள் வந்தான் என்று தெரியும், யார் என்று தெரியாது, உச்சந்தலை வேண்டுமானால் தெரியும். கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒன்றே ஒன்று மாட்டினால் அது நாலுக்குச் சமம். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பரணிலோ பூட்டிய அலமாரியிலோ வையுங்கள், காற்று போகட்டும். இன்வெர்ட்டர் லைனில் கேமராவோடு வைஃபை பெட்டியையும் சேர்க்க மறக்க வேண்டாம், கரண்டு போனதும் இணையம் நின்றால் செல்போனுக்குத் தகவல் வராது. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள், கம்பி இல்லாத பழைய கண்ணாடி ஜன்னல்கள், சுற்றிலும் சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும் காப்பித் தோட்டமும். ராத்திரிக் கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படம் எடுக்கின்றன. பனிமூட்டம் இறங்கினால் அந்த ஒளி பனித் துளியில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வரும், படம் முழுக்க வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து, பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டி, அதுவே லென்ஸை மறைப்பது இன்னொரு தொல்லை. அங்கே கேமராவை நம்புவதைவிடத் தோட்டத்திலேயே குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு நல்ல சம்பளம் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும், காப்பிக் கொட்டையும் மிளகும் களத்தில் காயும் மாதங்களில் ராத்திரி அங்கே ஆள் படுப்பதும்தான் பலன் தரும். காட்டுப் பக்கம் என்று வேலியில் கரண்டு விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சாகப்போவது தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவராகவோ வழி தவறி வந்த குழந்தையாகவோ இருக்கும், சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குக் குழப்பம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. திருடுவதற்காகச் சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 331-ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை சிறை. உங்கள் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக்கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது. ராத்திரி வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அரிவாளைத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் ஓர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, 112 அல்லது 100-க்கு அழைத்து, விளக்கைப் போட்டுச் சத்தம் போடுங்கள். அவனுக்கு ஓட வழி இருக்கட்டும்.

வெளியூர் போகும்போது பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், ரோந்து போகும்போது பார்ப்பார்கள். திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் வெளியே நில்லுங்கள். அக்கா வீட்டில் ஆறுதல் சொல்ல வந்த இருபது பேரும் பீரோவைத் தொட்டுப் பார்த்தார்கள், கைரேகை எடுக்க வந்தவர்களுக்கு நம் சொந்தக்காரர்கள் கைரேகைதான் கிடைத்தது. புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், அதோடு திருப்திப்பட்டு வந்துவிடாமல் எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான். காப்பீட்டிலும் கவனம் தேவை. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு தீ, வெள்ளம் மாதிரியான ஆபத்துகளுக்கானது, திருட்டு என்று வந்தால் அப்படி ஓர் ஆபத்து நடந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான். கன்னக்களவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும், அதிலும் உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பார்கள். செருப்பு ஸ்டாண்டில் இருந்த சாவியை எடுத்துத் திறந்துபோனால் பணம் வருவது கஷ்டம்.

அக்காவிடம் நகை பில் ஒன்றுகூட இல்லை, படமும் இல்லை. கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஆரம் எப்படி இருந்தது என்று விளக்கினோம். 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் இருக்கிறது, ஒரு நகையில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அதைக் குறித்து, ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

ஒரு தடவை திருட்டுப்போன வீட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் அடுத்த சில வாரங்களில் ஆபத்து அதிகம். அதில் அதே வீட்டுக்கு மறுபடி வரும் ஆபத்தைத் தெளிவாகக் காட்டியது வட இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் நடந்த ஒரு முயற்சி. அங்கே பல வீடுகளில் காசு போட்டால் ஓடும் கரண்டு, காஸ் மீட்டர் இருந்தது, அதாவது அந்த வீடுகளில் பணப்பெட்டி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நம் பீரோ மாதிரி. அவற்றைக் கழற்றினார்கள், உடைந்த கதவு ஜன்னல்களைப் பலப்படுத்தினார்கள், திருட்டுப்போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறேழு வீடுகளைச் சேர்த்து ஒரு சின்னக் குழுவாக்கி அந்த வீட்டைக் கவனிக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டில் திருட்டு முக்கால்வாசி குறைந்தது.

அக்கா தெருவில் அப்படி ஒன்றும் திட்டம் போடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மனது கேட்காமல் தானாகவே ஆரம்பித்தார். இப்போது அக்கம்பக்கத்து ஐந்து வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் திரும்பும் நாளையும் நேரத்தையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் அவரே சொல்லி நிறுத்துகிறார். போன பொங்கலுக்கு அக்கா ஊருக்குப் போயிருந்தபோது நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். வாசல் நனைந்திருந்தது, பூட்டு வெளியில் தெரியவில்லை, பெரியவரின் மருமகள் அங்கே குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.